பழைய அம்பாசடரில் பொறி வரவில்லையா? மின்சாரம் போகும் வழியே போய்ப் பழுதைப் பிடிக்கும் முறை

செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. பெட்ரோல் வாசனையும் வருகிறது. என்ஜின் மட்டும் ஒருமுறைகூட இருமவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் இப்படி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருப்போம். அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, கடைக்கு ஆள் அனுப்பி, பொறி உண்டாக்கும் பாகங்களான புதுக் காயில், புதுக் கண்டென்சர், புதுப் பாயிண்ட் என்று வரவழைத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்வதைப் போன்ற வேலை அது. நானும் அதைச் செய்து ஒரு பகல் முழுவதையும் இழந்தவன். பழுது கடைசியில் நான்கு விரற்கடை நீளமுள்ள ஒரு சின்ன ஒயரில் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றிலிருந்து உதிரிபாகம் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு 12 வோல்ட் பல்பைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். மின்சாரம் பேட்டரியில் புறப்பட்டு எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில் பல்பும் போகட்டும். எந்த இடத்தில் மின்சாரம் நின்றுபோகிறதோ அதுதான் பழுது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு முறையைத்தான் விரித்துச் சொல்கிறது.

நான் மனத்தில் வைத்து எழுதுவது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்ட அம்பாசடரை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான இந்தக் காரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. என்ஜின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் வகை. பொறியை முறைவைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், லூகாஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. பாயிண்ட் வைத்த பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றுக்கும் சோதிக்கும் முறை இதேதான். இடைவெளி அளவும் பொறி வரிசையும் மட்டும் அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டீசல் அம்பாசடருக்கு இது பொருந்தாது. டீசல் என்ஜின் பொறி இல்லாமலே எரிவது.

பொறி எப்படிப் பிறக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்று. மற்றொன்று தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. சாவியைத் திருப்பியதும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட் மூடியிருந்தால், பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், காயிலின் தடித்த சுற்று, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினல், பாயிண்ட், எர்த் (பேட்டரிக்குத் திரும்பும் வழியான கார் உடம்பு) என்று சுமார் 4 ஆம்பியர் ஓடுகிறது. காயிலுக்குள் காந்தப்புலம் உருவாகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் மேடுள்ள பகுதியான கேம் சுழன்று பாயிண்ட்டைத் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவுதான் மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டை எழுப்புகிறது. பொறி வருவது பாயிண்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. இதை மறந்துவிட்டால் பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் குழப்பும்.

பாயிண்ட் திறக்கும்போது தடித்த சுற்றிலும் 200, 300 வோல்ட் வரை எகிறும். அது பாயிண்ட்டின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வீணாகாமல் தாங்கிக்கொள்வது கண்டென்சரின் வேலை. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால், இந்தத் திறப்பும் மூடலும் ஒரு நொடிக்கு 100 முறை நடக்கிறது. 1909இல் டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கிய சார்ல்ஸ் கெட்டரிங் வழியாகப் பரவிய இந்த ஏற்பாடு அத்தனை பதின்ம ஆண்டுகள் தாக்குப்பிடித்தது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆக, பாதை இரண்டு பகுதி. பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை தாழ் மின்னழுத்தம். காயிலின் நடு மூக்கிலிருந்து ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியைப் பங்கிடுவது), டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, பிளக் ஒயர், பிளக் வரை உயர் மின்னழுத்தம். நான்கு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் பொறி இல்லை என்றால் சந்தேகம் முதலில் தாழ் அழுத்தப் பக்கம் போக வேண்டும். பிளக்குகள் நான்கும் ஒரே நாளில் சேர்ந்து சாவதில்லை.

கை வைப்பதற்கு முன்

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்து, துடைத்து, காய விடுங்கள். நாம் வேண்டுமென்றே பொறி உண்டாக்கப் போகிறோம். உயர் அழுத்த ஒயரை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். உலர்ந்த, நல்ல உறை போட்ட குறடு போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிடட்டும். மின்விசிறி இறக்கை, பெல்ட் பக்கம் வேட்டி, துண்டு, கைச்சட்டை எதுவும் தொங்கக் கூடாது.

இன்னொன்று: பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனை அணைக்காமல் நெடுநேரம் விட்டால் காயில் சூடேறிக் கெடும். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் சாவியைத் திருப்பி அணைக்கும் பழக்கம் வேண்டும்.

தேவையானவை அதிகமில்லை. இரண்டு ஒயர் பற்றவைத்த 12 வோல்ட் பல்பு, இரு முனையிலும் கவ்வி வைத்த இரண்டு மீட்டர் ஒயர், பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), திருப்புளி, ஒரு நல்ல பிளக், முடிந்தால் மல்ட்டிமீட்டர். மீட்டரைவிடப் பல்பையே நான் அதிகம் நம்புகிறேன். மீட்டருக்கு ஓட்டமே தேவையில்லை என்பதால், முக்கால்வாசி அறுந்த ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு அப்படி ஏமாறாது, மங்கி எரிந்து காட்டிக்கொடுக்கும்.

முதல் படி: பொறி உண்மையிலேயே இல்லையா?

ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கையிலுள்ள நல்ல பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உலோக உடம்பை என்ஜினின் வண்ணம் பூசாத இடத்தில், கார்புரேட்டரிலிருந்து தள்ளி, கவ்வியால் அழுத்தி வையுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி நிழலில் வைத்துப் பாருங்கள். நண்பகல் வெயிலில் நல்ல பொறியும் கண்ணுக்குத் தெரியாது.

நீலநிறத்தில், 'டக் டக்' என்ற சத்தத்தோடு வந்தால் பொறி இருக்கிறது, பழுது வேறு எங்கோ. மஞ்சளாக, மெலிந்து, சத்தமில்லாமல் வந்தால் அதைப் பொறி இல்லாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அது குதிக்காது.

ஒரு பிளக்கில் பொறி இல்லையென்றால், அடுத்து காயிலின் நடுவிலிருந்து மூடிக்குப் போகும் தடித்த ஒயரை மூடிப் பக்கம் கழற்றி, அதன் நுனியை என்ஜின் உலோகத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி நிறுத்தி செல்ஃப் அடித்துப் பாருங்கள். இங்கே நல்ல பொறி வந்தால் தாழ் அழுத்தப் பாதை முழுவதும் சரி, காயிலும் சரி. நேராக ரோட்டரும் மூடியும் பற்றிய பகுதிக்குப் போகலாம். இங்கேயும் வரவில்லை என்றால் கீழே உள்ளதைத் தொடருங்கள். அந்த ஒயரை எதன் அருகிலும் வைக்காமல் அந்தரத்தில் விட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத உயர் அழுத்தம் காயிலுக்குள்ளேயே காப்பைத் துளைத்துக்கொண்டு போகும்.

இரண்டாம் படி: பேட்டரியும் எர்த்தும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் காயிலுக்குப் போதிய ஊட்டம் இல்லை. செல்ஃப் தடுமாறிச் சுற்றினாலும் பொறி மட்டும் செத்துப்போவதற்கு இது ஒரு காரணம். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான பின்னல் பட்டையைக் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள்.

பழைய இங்கிலாந்துக் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனை எர்த் செய்யப்பட்டிருக்கும். உங்கள் காரில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே மீட்டரை மாட்டுங்கள்.

மூன்றாம் படி: காயிலின் இரண்டு டெர்மினல்கள்

முழு வழிகாட்டியிலும் முதன்மையான இடம் இது. காயிலில் இரண்டு சிறிய டெர்மினல் உண்டு. பழைய லூகாஸ் காயிலில் சுவிட்சிலிருந்து வருவதில் எஸ்.டபிள்யூ. என்றும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவதில் சி.பி. என்றும் பொறித்திருக்கும். பிற்காலக் காயிலில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். நம் கார் கழித்தல் எர்த் என்றால் கழித்தல் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். லூகாஸ் நிறமுறைப்படி சுவிட்சிலிருந்து வருவது வெள்ளை ஒயர், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. ஆனால் ஐம்பது வயதுக் காரில் யார் யார் எந்த நிற ஒயரை ஒட்டுப்போட்டார்களோ தெரியாது. நிறத்தை நம்பாமல் ஒயரைத் தொட்டுத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

பல்பின் ஒரு முனையை எர்த்தில் கவ்வுங்கள். இக்னிஷனைப் போட்டு, மறுமுனையை எஸ்.டபிள்யூ. டெர்மினலில் வையுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை என்றால் காயிலுக்கே மின்சாரம் வரவில்லை. இக்னிஷன் சுவிட்ச், அதன் பின்னால் உள்ள இணைப்பு, இடையில் யாரோ சேர்த்த திருட்டுத்தடுப்பு சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். செல்ஃப் சுற்றுவதால் இக்னிஷன் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் உள்ளே தொடுமுனைகள் வேறு. நடுவழியில் நின்றுவிட்டால், கழித்தல் எர்த் காரில் பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு ஒயரை நேராக எஸ்.டபிள்யூ. டெர்மினலுக்குக் கொடுத்து என்ஜின் எடுக்கிறதா என்று பார்க்கலாம். எடுத்தால் பழுது சுவிட்ச் பக்கம் என்பது உறுதி. அந்த ஒயரைக் கழற்றும் வரை சாவியைத் திருப்பினாலும் என்ஜின் அணையாது என்பதை நினைவில் வையுங்கள்.

எஸ்.டபிள்யூ.வில் எரிந்தால், பல்பை சி.பி. டெர்மினலுக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பல்பு விட்டுவிட்டு எரிந்தால், பாயிண்ட் திறந்து மூடுகிறது, காயிலின் தடித்த சுற்று அறுபடவில்லை. மீதமுள்ள சந்தேகம் கண்டென்சர், அல்லது காயிலின் மெல்லிய சுற்று.

பல்பு நிற்காமல் எரிந்தால், மின்சாரம் காயிலைத் தாண்டிவிட்டது, எர்த்துக்கு வழி இல்லை. பாயிண்ட் முகம் அழுக்காக இருக்கலாம், மூடாமல் இருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு ஒயர் அறுந்திருக்கலாம்.

பல்பு எரியவே இல்லை என்றால், சி.பி. டெர்மினலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது எரிந்தால் காயில் நல்லது. டிஸ்ட்ரிபியூட்டரில்தான் எங்கோ நிரந்தரமாக எர்த் ஆகிறது, அல்லது பாயிண்ட் திறப்பதே இல்லை. கழற்றிய பிறகும் எரியவில்லை என்றால் காயிலுக்குள் தடித்த சுற்று அறுந்துவிட்டது. காயிலை மாற்றுவதற்கு இதுதான் நியாயமான காரணம்.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகாது. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. இதற்குள் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது.

நான்காம் படி: டிஸ்ட்ரிபியூட்டருக்குள்

இரண்டு கிளிப்பையும் தள்ளி மூடியை எடுங்கள். பிளக் ஒயர்களைப் பிடுங்க வேண்டாம், மூடியோடு அப்படியே ஒதுக்கி வையுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் இது மின்சாரப் பழுதே அல்ல, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கீழ்த்தண்டு கழன்றிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அரிதானது, ஆனாலும் ஒரு பார்வையில் முடிகிற வேலையை விடக் கூடாது.

இனி பாயிண்ட். என்ஜினை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஹேண்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நான்காம் கியரில் போட்டு, இக்னிஷனை அணைத்து, காரைச் சமதளத்தில் கையால் தள்ளுங்கள். பாயிண்ட்டின் ஃபைபர் மேடு கேமின் முனையில் ஏறி நிற்கும்போது இடைவெளி முழுமையாகத் திறந்திருக்கும். அப்போது அளக்க வேண்டும். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. பூட்டும் திருகைச் சற்றுத் தளர்த்தி, பக்கத்துப் பள்ளத்தில் திருப்புளியை வைத்துத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பில்லர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், நெருக்கிக்கொண்டு போகக் கூடாது. திருகை இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடுவது வழக்கம்.

பில்லர் கேஜ் தகடுகளில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அந்தத் தகட்டை அப்படியே நுழைத்தால் எண்ணெய் பாயிண்ட் முகத்தில் ஒட்டி, சரியாக இருந்த பாயிண்ட்டும் நின்றுவிடும். இடைவெளி வைத்து முடித்த பிறகு பொறி வராமல் தவிக்கும் பலருக்குக் காரணம் இதுதான். புதுப் பாயிண்ட்டின் முகத்திலும் பாதுகாப்புக்காக ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சுத்தமான ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை மூடிய பாயிண்ட்டுக்கு இடையில் வைத்து இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழாத வரை இழுத்துக்கொண்டே இருங்கள்.

கரிந்த பாயிண்ட்டை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம். அதன் மணித்துகள் உலோகத்தில் புதைந்துகொண்டு தொடுமுனையைத் தடுக்கும். ஃபைபர் மேடு தேய்ந்து இடைவெளியே இல்லாமல் போயிருந்தால் பாயிண்ட் திறக்காது, பொறியும் வராது. கேமின் மேல் தீக்குச்சித் தலை அளவு கிரீஸ் தடவி வைத்தால் அந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும்.

அந்தச் சின்ன ஒயர்

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் வழியில், திண்டிவனம் தாண்டி என் கார் நின்றது. அதற்கு முன் ஒரு வாரமாகவே அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது. சும்மா ஓடும்போது ஒழுங்காக ஓடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் செத்து மறுபடி உயிர் பெறும். நான் கார்புரேட்டர் அழுக்கு என்று எண்ணிவிட்டேன். நின்ற பிறகு ஆள் அனுப்பிக் காயில் வந்தது, மாட்டினேன். பிறகு கண்டென்சர் வந்தது. வெயில் சாயும் நேரத்தில், சாலையோரப் பட்டறையிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூடியைத் திறந்து, பக்கவாட்டு டெர்மினலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் குட்டி ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். அது ரப்பர் போல நீண்டது.

"தம்பி, ஒயர் நீளக் கூடாது. உள்ளே கம்பி இல்லை, தோல்தான் இருக்கிறது" என்றார்.

வெளியுறை துளிகூடக் கிழியவில்லை. உள்ளே செப்பிழைகள் முழுவதும் அறுந்திருந்தன. என்ஜினின் வெற்றிட இழுப்பால் பொறி விழும் நேரத்தை முன்னே நகர்த்தும் வாக்குவம் அட்வான்ஸ் இழுக்கும் ஒவ்வொரு முறையும் பாயிண்ட் தட்டு சற்றுத் திரும்புகிறது. அதோடு இந்த ஒயரும் வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்துபோகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பொறி போனதன் காரணம் அதுதான்.

இதே குறை வரக்கூடிய இன்னொரு ஒயரும் உண்டு. பாயிண்ட் நிற்கும் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு எர்த் செய்யும் குட்டிப் பின்னல் ஒயர் அது. இரண்டையும் இழுத்துப் பாருங்கள். மாற்றும்போது பல நுண்ணிழைகள் கொண்ட, துவளும் ஒயரையே போடுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் விறைப்பான கம்பியைப் போட்டால் சில நாளில் மறுபடி முறியும்.

உடைந்த இடம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் என்பதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. பாயிண்ட் திறந்த நிலையில், இக்னிஷனைப் போட்டு, பக்கவாட்டு டெர்மினலை ஒரு ஒயரால் எர்த்தில் தொட்டுத் தொட்டு எடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் காயிலின் தடித்த ஒயர் நுனியில் பொறி குதித்தால், காயில் வரை எல்லாம் நலம். நம் கை ஒயர் பாயிண்ட்டின் வேலையைச் செய்கிறது. பழுது அந்த டெர்மினலுக்கு உள்ளே.

பாயிண்ட் மாற்றிய உடனே கார் எடுக்கவில்லை என்றால் இன்னொரு இடத்தையும் பாருங்கள். பாயிண்ட்டின் ஸ்பிரிங், கண்டென்சர் ஒயர், டெர்மினல் ஒயர் மூன்றும் ஒரே தூணில் வந்து சேர்கின்றன. மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் தூணைத் தொடக் கூடாது. அதற்காகத்தான் அந்தச் சின்னக் காப்பு வளையமும் புஷ்ஷும். வளையம் விட்டுப்போனாலோ, அடுக்கு முறை மாறினாலோ மின்சாரம் பாயிண்ட்டுக்கு வராமல் தூண் வழியாகவே எர்த்தில் இறங்கிவிடும். சி.பி. டெர்மினலில் பல்பு எரியவே இல்லை என்று மேலே சொன்ன நிலைக்குப் பாதிக்காரணம் இது. பழையதைக் கழற்றும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்துவிடுங்கள்.

கண்டென்சர்

கண்டென்சர் இரண்டு விதமாகக் கெடும். உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் பொறி அறவே இருக்காது. அதன் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு சி.பி. டெர்மினலில் பல்பைப் பாருங்கள். கழற்றியதும் பல்பு விட்டுவிட்டு எரியத் தொடங்கினால் குற்றவாளி அதுதான். உள்ளே இணைப்பு அறுந்துபோயிருந்தால் பாயிண்ட்டில் வெளிச்சமாகப் பொறி தெறிக்கும், பிளக்கில் மஞ்சளாக மெலிந்து வரும், பாயிண்ட் முகம் சீக்கிரம் கரியும். இந்த வகைக் கண்டென்சருக்கு 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் அளவு இருக்க வேண்டும். மீட்டரில் அந்த வசதி இருந்தால் அளக்கலாம். ஆனால் குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, சூடேறியதும் கெடும் கண்டென்சர்களும் உண்டு. அதனால் நல்லது என்று தெரிந்த இன்னொன்றைப் பொருத்திப் பார்ப்பதே முடிவான சோதனை. நடுவழியில் என்றால், கண்டென்சரின் உடம்பை எர்த்தில் கவ்வி, அதன் ஒயரை சி.பி. டெர்மினலில் மாட்டினாலே போதும், வீடு வந்து சேரலாம். கெட்ட கண்டென்சரின் ஒயரைக் கழற்றிவிட மறக்க வேண்டாம்.

புதியது என்பதற்காக எந்தக் கண்டென்சரையும் நம்பிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றினால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள்.

காயில்

எல்லோரும் முதலில் மாற்றுவது இதை. நான் இவ்வளவு பின்னால் வைத்திருப்பதற்குக் காரணம், இது மற்றவற்றைவிடக் குறைவாகவே கெடுகிறது. ஒயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு சிறிய டெர்மினலுக்கும் இடையில் அளந்தால் சாதாரண 12 வோல்ட் காயிலில் ஏறத்தாழ 3 ஓம் காட்டும். பாலாஸ்ட் மின்தடையோடு சேர்த்து ஓட்டும் காயிலில் இது ஏறத்தாழ 1.5 ஓம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டக் கூடாது. பாலாஸ்ட் வகையை நேர் 12 வோல்ட்டில் மாட்டினால் ஓட்டம் இரட்டிப்பாகிக் காயிலும் பாயிண்ட்டும் வெந்துபோகும். நடு மூக்குக்கும் சிறிய டெர்மினலுக்கும் இடையில் சில ஆயிரம் ஓம் இருக்க வேண்டும். எல்லையற்றது என்று காட்டினால் மெல்லிய சுற்று அறுந்துவிட்டது.

இருபது நிமிடம் ஓடிவிட்டு நிற்பது, அரைமணி நேரம் ஆறினால் மறுபடி ஓடுவது. இது காயிலாகவும் இருக்கலாம், கண்டென்சராகவும் இருக்கலாம், கோடை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். மூன்றையும் பிரித்தறிய ஒரே வழி, நின்ற அந்த நிமிடமே பொறியைச் சோதிப்பது. ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நலமாகத்தான் தெரியும். நல்ல நீலப் பொறி இருந்தால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள்.

ரோட்டர், மூடி, ஒயர்

காயில் ஒயரில் பொறி இருக்கிறது, பிளக்கில் இல்லை என்றால் நடுவில் இருப்பவை இவைதான். மழைக்காலமாக இருந்தால் முதலில் மூடியின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். தேங்கிய நீரில் ஓட்டி வந்த காரில் உலர்ந்த துணியால் மூடியையும் ஒயர்களையும் துடைத்தாலே பல சமயம் வேலை முடிந்துவிடும்.

மூடியின் உள்ளே நடுவில் ஸ்பிரிங் வைத்த கார்பன் குச்சி இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அது உடைந்து விழுந்திருப்பதைக் கவனிக்காமலே பலர் மூடியைத் திரும்ப மாட்டிவிடுகிறார்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, உட்சுவரில் பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது உயர் அழுத்தம் கசிந்து எரித்த தடம். சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றுவதே வழி.

ரோட்டரில் விரிசலே தெரியாமல் உள்ளே கசிவு இருக்கலாம். மேலே உள்ள பித்தளைத் தகட்டை அடித்திருக்கும் ரிவெட்டின் அடியில் பிளாஸ்டிக் மெலிந்திருந்தால், பொறி அதைத் துளைத்து நேராகத் தண்டில் இறங்கிவிடும். ரோட்டரை அதன் இடத்திலேயே விட்டு, காயிலின் தடித்த ஒயர் நுனியை ரோட்டர் தகட்டுக்கு மேல் 3 மி.மீ. தள்ளிப் பிடியுங்கள். இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் ஒரு மரக்குச்சியால் அதை நெம்பித் திறந்து திறந்து விடுங்கள். ரோட்டர் நல்லதாக இருந்தால் ஒன்றும் நடக்காது, அல்லது ஒரே ஒரு மெல்லிய பொறி விழுந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் பொறி தகட்டில் பாய்ந்தால் ரோட்டர் கசிகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் காயில் மேல் காயிலாக மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஒயர்களில் சொல்வதற்கு அதிகமில்லை. இருட்டில் செல்ஃப் அடித்தால் கசியும் இடம் நீலமாகத் தெரியும். இந்த வகை மூடியில் ஒயரை உட்புறத்திலிருந்து திருகு குத்திப் பிடித்திருந்தால் அந்தத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு மின்னணு மாட்யூல் பொருத்தியிருப்பவர்களுக்கு ஒரு சொல். பாயிண்ட்டை நெம்பும் சோதனையும், பக்கவாட்டு டெர்மினலை எர்த்தில் தொடும் சோதனையும் உங்களுக்கில்லை, மாட்யூல் கெட்டுப்போகும். எஸ்.டபிள்யூ. டெர்மினலில் மின்சாரம், காயிலின் ஓம் அளவு, ரோட்டர், மூடி இவற்றை மட்டும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் கழற்றிவைத்த பழைய பாயிண்ட்டைத் திரும்ப மாட்டுவதே விரைவான வழி.

பொறி வந்துவிட்டது, என்ஜின் இன்னும் எடுக்கவில்லை

இவ்வளவு நேரம் செல்ஃப் அடித்ததில் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருக்கும். கழற்றி, துடைத்து, உலர்த்தி, இடைவெளியை 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. என்று வைத்து மாட்டுங்கள்.

பிளக் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். பி சீரிஸ் என்ஜினின் பொறி வரிசை 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஒயர்களையும் அதே திசையில் 1, 3, 4, 2 என்று அடுக்க வேண்டும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு என்ஜினைக் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது அழுத்த ஓட்டம். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்தி, ரோட்டர் எந்த ஒயரைக் காட்டுகிறது என்று பாருங்கள். முதல் சிலிண்டருக்குப் போகும் ஒயரையே அது காட்ட வேண்டும். நேர் எதிரே நான்காம் சிலிண்டர் ஒயரைக் காட்டினால் பொறி அரைச்சுற்று தள்ளி விழுகிறது. கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று திருப்பி அடிப்பது அதனால்தான். ஒயர் நான்கையும் மூடியில் இரண்டு இடம் தள்ளி மாட்டுங்கள்.

பாயிண்ட் இடைவெளியை மாற்றியிருந்தால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், சற்று நகர்ந்திருக்கும். என்ஜின் எடுத்து, சூடேறி, நிதானமாக ஓடத் தொடங்கிய பிறகு டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரின் அடிக்கவ்வியை இறுக்கிவிடுங்கள்.